அஞ்சு வருஷம், ரெண்டு மாசம்

“…அபசகுனமும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. அஞ்சு வருஷம், ரெண்டு மாசம். அவ்வளவுதான் விஷயம்” என்றார் அக்கா.

இடம், குண்டசாலையில் ஒரு வீட்டு வாசல். நான் பெண் பார்க்கப் போன வீடு. பார்த்து முடித்து, தேத்தண்ணி குடித்து, இரண்டு பக்கமும் மனம் ஒத்துச் சிரித்துப் பேசி, கிளம்புகிற நேரத்தில் என் வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் நாங்கள் கேட்டைத் தாண்டிவிட வேண்டும். பெண்ணின் அத்தை படியில் நின்றுகொண்டு, “மொத மொதல்ல வந்த வண்டி வாசலத் தாண்ட மாட்டேங்குதே” என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டார். அதோடு பெண்ணின் அப்பா பின்வாங்க ஆரம்பித்துவிட்டார். சம்பந்தம் நிற்குமா போகுமா என்று தெரியாத அந்த நேரத்தில்தான் பெட்டரிக் கடை அக்கா த்ரீவீலில் வந்து இறங்கி, வேன் சீட்டைத் தூக்கி, பெட்டரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே உள்ளதைச் சொன்னார்.

அதைச் சொன்ன பிறகு அவர் என்ன செய்தார் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அக்கா எப்படிப்பட்ட ஆள் என்று தெரியாமல் அதை மட்டும் கேட்டால் அது சின்ன விஷயமாகப் போய்விடும். அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். நான் கண்டிக்குப் பக்கத்து மலையில், கலஹாத் தேயிலைத் தோட்டத்துக்காரன். எங்கள் ரோட்டில் சுற்றாமல் எந்த இடத்துக்கும் போக முடியாது.

அக்காவுக்குப் பெயர் இருந்தது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தேவை எனக்கு வரவில்லை. கட்டுகஸ்தோட்டை வீதியில், டயர் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் அவருடைய தம்பியின் பெட்டரிக் கடை இருந்தது. போர்டில் தம்பியின் பெயர்தான் எழுதியிருந்தது. ஆனால் எங்களுக்கு அது அக்கா கடை. முஸ்லிம் டிரைவர்களுக்கு ராத்தா கடை. சிங்கள டிரைவர்கள் ரோட்டிலிருந்தே “அக்கே” என்று கூப்பிட்டுக்கொண்டு வருவார்கள். தம்பி பெட்டரிகளைத் தூக்குவார், இறக்குவார், சார்ஜுக்குப் போடுவார். விற்பதா வேண்டாமா என்று முடிவு சொல்வது அக்கா.

ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. பருத்திச் சேலையைத்தான் கட்டுவார், எல்லாச் சேலையிலும் முழங்கால் பக்கமாகச் சின்னச் சின்னப் பொத்தல்கள் இருக்கும். அசிட் தெறித்தது. “நெருப்பு பட்டா அப்பயே தெரிஞ்சிரும் தம்பி. இது அப்பிடி இல்ல. தொவச்சு காயப் போடும்போதுதான் சேலையில வானம் தெரியும்” என்பார். கையில் எப்போதும் ஒரு பழைய கைப்பை. அதற்குள் ஒரு மீட்டர், பத்தாம் நம்பர் ஸ்பானர், ஒரு துண்டுத் துணி, குங்குமப் பொட்டலம், ஒரு குப்பி சிவப்பு நகப்பூச்சு. நகத்தில் அவர் பூச்சுப் போட்டு ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. அந்தக் குப்பி பெட்டரிக்கு.

கடைக்கு யார் வந்தாலும் ‘என்ன வேணும்’ என்று கேட்க மாட்டார். மூன்று கேள்வி கேட்பார். “எங்க நிப்பாட்டுறீங்க? எவ்வளவு தூரம் ஓடுறீங்க? கடைசியா எப்ப மாத்துனீங்க?” முதல் இரண்டுக்கும் எல்லாரும் பதில் சொல்வார்கள். மூன்றாவதற்கு எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள். ஒருவர் மூத்த மகள் பெரிய பிள்ளையான வருஷம் என்பார், இன்னொருவர் பழைய வீட்டில் இருந்த நேரம் என்பார். அதற்காகத்தான் நகப்பூச்சு. ஒரு பெட்டரி விற்றால், வண்டியில் பூட்டி முடித்த பிறகு, குனிந்து அதன் தலையில் மாசத்தையும் வருஷத்தையும் சிவப்பில் எழுதுவார். எழுதி, ஊதி, காய்ந்த பிறகுதான் வண்டியை விடுவார். எவ்வளவு அவசரம் என்றாலும் அதுவரைக்கும் நிற்கத்தான் வேண்டும்.

அந்தக் குப்பியை வேறு ஒருவர் தொட விட மாட்டார். ஒரு தடவை கடையில் கூட்டம், அக்கா டெலிபோனில். தம்பி அவசரத்துக்குத் தானே எழுதிவிட்டார். அக்கா வந்து பார்த்தார், துணியால் ஈரத்தோடு அதைத் துடைத்தார், அதே தேதியை அதே இடத்தில் திரும்ப எழுதினார்.

“ஏன்க்கா, என் எழுத்து அவ்வளவு கேவலமா இருக்கா?” என்றார் தம்பி.

“எழுத்து நல்லாத்தான் இருக்கு. எழுதுற கைக்குத்தான் ஞாபகம் இருக்கும். ஒனக்கு நேத்து சாப்பிட்டது ஞாபகம் இருக்கா?”

அது உண்மை. ரோட்டில் போகிற காரைப் பார்த்து, “அதுக்கு வாற மாசம் மூணு முடியுது” என்பார். மூன்று வருஷம் என்பது அவருடைய கணக்கில் ஒரு எல்லை. “மூணு வருஷம் வரைக்கும் பெட்டரி நம்மளப் பாத்துக்கும். அதுக்கப்புறம் நாம அதப் பாக்கணும். வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போங்க” என்பார். மூஞ்சியைக் காட்டப் போனால் விற்கிற எண்ணமே அவருக்கு இருக்காது. மீட்டரை வைப்பார். ராத்திரி முழுக்க ஓய்ந்திருந்த பெட்டரி பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், “தங்கம்” என்பார். சாவியைத் திருப்பச் சொல்வார். செல்ஃப் அடிக்கும்போது முள் பத்துக்குக் கீழே விழுந்தால் உதட்டைப் பிதுக்குவார். ஹெட்லைட்டைப் போட்டுப் பார்ப்பார். டெர்மினலில் பூத்திருக்கிற வெள்ளையும் பச்சையுமான மாவைச் சுடுதண்ணியும் சோடா மாவும் போட்டுக் கழுவச் சொல்வார். “பாதிப் பேருக்கு பெட்டரி போகல, பல்லு வெளக்கல” என்பார். பெரும்பாலும் கடைசியில், “இன்னும் உசிரு இருக்கு. பெரஹரா திருவிழா முடிஞ்சு வாங்க” என்று அனுப்பிவிடுவார்.

பக்கத்து டயர் கடை ஆட்களுக்கு இது பெரிய சிரிப்பு. “அக்கா கடையில பெட்டரி வாங்கணும்னா கிராம சேவகர்ட்ட கடிதம் வாங்கிட்டு வரணுமாம்” என்பார்கள். தம்பியும் சில நேரம் தலையில் கை வைப்பார். “அக்கா, இது நம்ம கடைதான், ஞாபகம் இருக்கா?”

“நம்ம கடைங்கிறதாலதான் சொல்றேன். உசிரோட இருக்கிறத வித்துட்டு, நாளைக்கி அந்த ஆள் மூஞ்சிய யார் பாக்குறது?”

அனிவத்தையில் ஒரு ஐயா இருந்தார். வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார் புதுசு மாதிரி மின்னும். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ஒரு பயணம், சந்தைக்கு ஒரு பயணம், அவ்வளவுதான். அவருடைய பெட்டரி மட்டும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை படுத்துவிடும். வேறு கடையில் வாங்கிப் பார்த்து, சாமான் சரியில்லை என்று சண்டை போட்டு, கடைசியில் அக்காவிடம் வந்தார். நானும் அன்றைக்கு அங்கே நின்றேன்.

“நல்லதாப் பாத்து குடும்மா. வெல பாக்காத” என்றார்.

அக்கா வழக்கமான மூன்று கேள்விகளைக் கேட்டார். பிறகு சொன்னார், “ஐயா, பெட்டரிக்கு வியாதி இல்ல. காருக்குத்தான் வேல இல்ல. ஸ்டார்ட் பண்ணும்போது அது ஒரு வாளி தண்ணி குடுக்குது. நீங்க கோயில் வரைக்கும் ஓடி அதுக்கு ஒரு கிளாஸ் திருப்பிக் குடுக்குறீங்க. எவ்வளவு நாளைக்கு அது தாங்கும்?”

“அதுக்கு நான் என்ன செய்ய? தேவையில்லாம ஊர் சுத்தவா?”

“ஆமா. கிழமைக்கு ஒருக்கா, அரை மணித்தியாலம், நிக்காம ஓடணும். மாத்தளை ரோட்டுல போங்க. அம்மாவையும் ஏத்திக்கிட்டு போங்க.”

அந்த ஐயா முறைத்துக்கொண்டு போனார். பெட்டரியைச் சார்ஜ் பண்ணி மட்டும் கொடுத்திருந்தார் அக்கா. மூன்று நான்கு மாதம் கழித்து, கோயில் பிரசாதத்தோடு ஒரு அம்மா கடைக்கு வந்தார். அந்த ஐயாவின் மனைவி. “இருபது வருஷமா எங்கயாவது கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டேன், போகல. இப்ப பெட்டரிக்குன்னு ஞாயிற்றுக்கிழமை ஆனா அவரே சட்டையப் போட்டுட்டு நிக்கிறாரு” என்றார். அக்கா பிரசாதத்தை வாங்கிக்கொண்டு, “வோல்ட் எவ்வளவு காட்டுதுன்னு கேட்டுச் சொல்லுங்கம்மா” என்றார். அவருக்கு அதுதான் கவலை.

எங்கள் தோட்டத்து ட்ராக்டர்காரர் ஒருவர் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை. அவருடைய பெட்டரி தண்ணி ஊற்றுகிற சாதி. பெட்டரித் தண்ணி போத்தலில் விற்கிறார்கள், அது எதற்கு என்று அவர் எங்கள் பீலித் தண்ணியைப் பிடித்து ஊற்றியிருக்கிறார். எங்கள் பீலி மேலே காட்டு ஊற்றிலிருந்து நேரே வருவது. அதைக் குறை சொன்னால் எங்கள் ஆட்களுக்கு ரத்தம் கொதிக்கும்.

“கண்ணாடி மாதிரி தண்ணிக்கா. ஒங்க டவுன் தண்ணி மாதிரி மருந்து வாடையே கெடையாது. பிள்ளைக்குக் குடுக்குற தண்ணி” என்றார் அவர்.

“பிள்ளைக்குக் குடுங்க. மலையில இருந்து வாற தண்ணி கல்லு, மண்ணு எல்லாத்தோட சத்தையும் கூட்டிக்கிட்டு வருது. பிள்ளைக்கு அது நல்லது. இதுக்கு ஒரு சத்தும் ஆகாது. இதுக்கு வெறும் தண்ணிதான் வேணும்” என்றார் அக்கா. ஆள் கடைசிவரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. பீலித் தண்ணி குடிக்கத் தெரியாத பெட்டரி என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் போத்தல் தண்ணிதான் ஊற்றுகிறார்.

எண்ணெய்த் தட்டுப்பாடு வந்த டீசல், பெட்ரோல் வரிசைக் காலத்தையும் சொல்ல வேண்டும். நாள்கணக்கில் வண்டிகள் ரோட்டோரம் நின்றன. ஆட்கள் காருக்குள்ளேயே படுத்து, ரேடியோ கேட்டு, ஃபோனைச் சார்ஜ் போட்டு, கடைசியில் எண்ணெய் கிடைக்கிற நேரத்தில் பெட்டரி செத்துக் கிடக்கும். அக்கா கடை வாசல் வழியாகத்தான் ஒரு வரிசை போனது. ஒரு பெட்டரிக் கடைக்கு அதைவிட நல்ல காலம் வராது என்று டயர் கடைக்காரர்கள் சொன்னார்கள். அக்கா என்ன செய்தார் என்றால், காலையில் ஒரு ஃப்ளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணியும் கையில் மீட்டருமாக வரிசை நெடுகப் போவார். கண்ணாடியைத் தட்டுவார். “மாத்தயா, ரேடியோவ நிப்பாட்டுங்க. உள்ள லைட்டு எரியுது, அணைங்க. நியூஸ் வேணும்னா நான் சொல்றேன், எண்ணெய் இன்னிக்கி வராது.” ஆட்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே சிலர் ரேடியோவைப் போட்டு வைத்திருந்தார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

அப்போது என் வேனும் டீசல் இல்லாமல் கலஹாவிலேயே நின்றது. நான் ஓட்டுவது ஸ்கூல் வேன். தோட்டத்துப் பிள்ளைகள் பதினொரு பேரைக் கண்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவேன். அந்த நாட்களில் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடம் அக்கா கடைக்கு எதிர்ப்பக்கம். ரோட்டைக் கடக்கும்போது அக்கா கடை வாசலில் நிற்பது தெரியும். ஒன்றும் பேசியதில்லை, நானும் நின்றதில்லை.

இனி என் விஷயம்.

என் வேனுக்கு அக்கா கடையில்தான் பெட்டரி வாங்கினேன். சீட்டுக்கு அடியில் சிவப்பில் மாசமும் வருஷமும் எழுதிக் கிடந்தது. மூன்று வருஷம் முடிந்தது, நான் மூஞ்சியைக் காட்டவில்லை. நான்கு முடிந்தது. ஐந்தும் முடிந்தது. ஒரு நாளும் அது என்னை ஏமாற்றவில்லை. நான் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். “பெட்டரி மூணு வருஷம்தான்ங்கிறதெல்லாம் வாங்கத் தெரியாதவங்களுக்கு. என் வண்டியப் பாரு.”

பெண் பார்க்கப் போவதற்கு இரண்டு கிழமைக்கு முந்தி, வேனை நல்லபடியாக ஆக்கிக்கொள்ளலாம் என்று பின் லைட் பல்பு ஒன்று வாங்க அக்கா கடைக்குப் போனேன். வேனைப் பக்கத்துச் சந்தின் ஏற்றத்தில், மூக்கு கீழே பார்க்க நிறுத்திவிட்டு நடந்து வந்தேன்.

அக்கா பல்பைக் கொடுத்துவிட்டு, சந்தைப் பார்த்தார். கடைக்கு முன்னால் மட்டமான இடம் வெறுமையாகக் கிடந்தது.

“இங்க எடம் இருக்கே. ஏன் அங்க ஏத்தத்துல நிப்பாட்டுன?”

“பழக்கம்க்கா.”

“வீட்டுல?”

“கோயில் ஏத்தத்துல.”

“பள்ளிக்கூடத்துல?”

“மேல் கேட்டுப் பக்கம். அதுவும் ஏத்தம்தான்.”

“கடைசியா எப்ப செல்ஃப் அடிச்சு ஸ்டார்ட் பண்ணுன?”

நான் வானத்தைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் யாரும் செல்ஃப் அடிப்பதில்லை. இரண்டாம் கியரைப் போட்டு, கிளட்சை மிதித்து, பிரேக்கை விட்டால் வண்டி தானாக இறங்கும். நாலு முழம் உருண்டதும் கிளட்சை விட்டால் இன்ஜின் எழுந்துவிடும். எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு இடம் பார்க்கிறவன்கூட தண்ணி இருக்கிறதா, ஏற்றம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். என் வேனில் வருகிற மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மட்டமான ஏரிக்கரையில் நிறுத்தினால், “அங்கிள், இன்ஜின ஓஃப் பண்ணிராதீங்க” என்று கத்தும்.

“தம்பி, ஒன் வண்டிய பெட்டரி ஸ்டார்ட் பண்ணல. மலைதான் ஸ்டார்ட் பண்ணுது. பெட்டரி அதுபாட்டுக்கு சீட்டுக்கு அடியில படுத்திருக்கு. இன்னிக்கே மாத்து.”

பத்துப் பேருக்கு வேண்டாம் என்று சொல்கிற அக்கா, என்னிடம் வாங்கு என்றார். அந்த ஒன்றை யோசித்திருந்தாலே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் சிரித்தேன். “மலை எங்கக்கா போகப் போகுது? அது எங்க ஊர்ல இருக்கும்.”

“மலை வராத எடத்துக்கும் போக வேண்டி வரும்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

குண்டசாலையில் அந்த வீட்டைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொண்டது. பெண்ணைப் பார்க்கப் போகிற படபடப்பு என்று நினைத்தேன். காரணம் வேறு. வீட்டு வாசல் கிரிக்கெட் விளையாடலாம் போல மட்டம். வெளியே ரோட்டில் நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன். பெண்ணின் தம்பி கேட்டை இரண்டு பக்கமும் அகலத் திறந்து, “உள்ள வாங்கண்ணா, உள்ள வாங்க” என்று கையைக் காட்டிக்கொண்டே நிற்கிறான். மாட்டேன் என்றா சொல்ல முடியும்? உள்ளே போய், கொய்யா மரத்தடியில் நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன்.

பெண்ணின் பெயர் தர்ஷினி. தேத்தண்ணி கொண்டு வந்தாள். அவளை நான் பார்த்ததைவிட அவள் என்னைப் பார்த்ததுதான் அதிகம். என் அம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. என் தாய்மாமா, அவர்தான் பேச்சுக்காரர், கதிரையில் சாய்ந்துகொண்டு வேனைக் காட்டி, “அஞ்சு வருஷமா ஒரே பெட்டரி. ஒரு நாள் நின்னதில்ல. அந்த மாதிரி வச்சிருக்கான் வண்டிய. பொண்ணையும் அப்பிடித்தான் வச்சிருப்பான்” என்றார். பெண்ணின் அப்பா, மாநகர சபையில் கிளார்க்காக இருந்தவர், அளந்து பேசுகிற ஆள், தலையை ஆட்டினார். “எங்களுக்குத் திருப்தி” என்றார்.

மூன்றே முக்காலுக்கு எழுந்தோம். தர்ஷினி ஜன்னலுக்குள் நிற்க, மற்ற எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். நான் சாவியைத் திருப்பினேன்.

‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். பிறகு ‘டக்’. பிறகு அதுவும் இல்லை.

தள்ளினோம். பட்டுச் சேலையோடு அம்மாவும் கை வைத்தார். முன்னால் மதில். பின்னால் கேட், கேட்டைத் தாண்டினால் ரோடு மேலே ஏறுகிறது. ஊரெல்லாம் மலை இருந்தும் அது நமக்குத் தோதான பக்கம் இல்லை. நாலு தரம் முன்னும் பின்னும் தள்ளியதில் வாசலில் சக்கரத் தடம் விழுந்ததுதான் மிச்சம். அப்போதுதான் அத்தை அந்த வார்த்தையைச் சொன்னார். சொல்லிவிட்டு, “நான் ஒண்ணும் சொல்லல, வாயே தொறக்கல” என்றும் சொன்னார். பெண்ணின் அப்பா மாமாவிடம், “கொஞ்சம் யோசிச்சுட்டு சொல்றோமே” என்றார். சற்று முன் திருப்தி என்று சொன்ன அதே வாய்.

பக்கத்தில் ஒரு கராஜ் இருக்கிறது என்று தர்ஷினியின் தம்பி சொன்னான். நான் ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு ஃபோனை எடுத்து, அத்தனை பேருக்கும் முன்னால், “அக்கா, நீங்க சொன்னது சரி” என்றேன்.

“மட்டமா?”

“மட்டம்தான்க்கா.”

“வாறேன்.”

கடை பூட்டுகிற நாள். இருந்தும் அரை மணித்தியாலத்தில் த்ரீவீல் வந்து நின்றது. அக்காவின் கால்மாட்டில் புதுப் பெட்டரி. இறங்கினார். பெரியவர்களுக்கு வணக்கம் சொன்னார். வேன் சீட்டைத் தூக்கினார். அத்தை அபசகுனம் என்று ஆரம்பித்ததும், பெட்டரித் தலையில் இருந்த தூசியைத் துணியால் துடைத்து, சிவப்பு எழுத்தைக் காட்டித்தான் அஞ்சு வருஷம் ரெண்டு மாசம் என்று சொன்னார். “என் கையால எழுதுனது. இதுக்குப் போற வயசு. எந்த வாசல்ல நின்னாலும் இன்னிக்கி போயிருக்கும்.”

பெண்ணின் அப்பா கிட்டே வந்து எழுத்தைப் படித்தார். “அப்ப வண்டி மேல தப்பில்ல.”

“இல்ல.”

“தம்பி மேல தப்பு.”

“ஆமா. ரெண்டு கிழமைக்கு முந்தியே மாத்தச் சொன்னேன். கேக்கல” என்றார் அக்கா.

மாமா இருமினார். இன்னும் பலமாக இருமினார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. இல்லாததைச் சொல்ல அவருக்கு வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு ஒரு நாள் வந்தால் என்ன என்று நினைத்தேன்.

“நீங்க வெளி ஆள். அதனால கேக்குறேன்” என்றார் பெண்ணின் அப்பா. “சொன்னா கேக்காத பிள்ளைக்கு எப்பிடிம்மா பொண்ணு குடுக்குறது?”

அக்கா மீட்டரின் முள் நிற்கிறவரைக்கும் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். “பெட்டரின்னா மீட்டர் வச்சு சொல்லிருவேன். மனுசனுக்கு மீட்டர் இல்ல. பாத்தத மட்டும் சொல்றேன். டீசல் இல்லாத காலத்துல பதினொரு பிள்ளைங்கள பஸ்ஸுல கூட்டிட்டு வந்தாரு. ஒவ்வொரு நாளும். ரோட்டக் கடக்க முந்தி தலைய எண்ணுவாரு, கடந்த பொறகும் எண்ணுவாரு. ஒரு நாள் கூட எண்ணாமப் போனதில்ல. வாய் கொஞ்சம் கூடுதல், மலைய நம்புன அளவுக்கு என்னைய நம்பல. ஆனா இவ்வளவு பேருக்கு முன்னுக்கு நின்னு, நீங்க சொன்னது சரின்னு ஃபோன் பண்ணுனாரு. வெக்கப்பட்டுக்கிட்டு வேற ஆளத் தேடல. என் கடைக்கு வாற ஆம்பளைங்கள்ல அதச் சொன்னது இவரு ஒருத்தர்தான்.” கடைசியாக, “சார்ஜ் நிக்கிற ஆளு” என்றார்.

ஜன்னலுக்குப் பின்னால் தர்ஷினி சிரித்தது எல்லாருக்கும் கேட்டது. பெண்ணின் அப்பா மகளுடைய சிரிப்பைக் கேட்டு, தன் தங்கச்சியான அந்த அத்தையின் முகத்தைப் பார்த்து, பிறகு, “அப்ப பூட்டுங்கம்மா” என்றார்.

த்ரீவீல்காரர் தூக்கிக் கொடுத்தார். “கழட்டும்போது கறுப்பு மொதல்ல, பூட்டும்போது கறுப்பு கடைசி” என்று வழக்கம்போல முணுமுணுத்துக்கொண்டே அக்கா பூட்டினார். நான் சாவியைத் திருப்பினேன். ஒரே அடி. கொய்யா மரத்தில் இருந்த காக்கை பறந்தது. மணி நாலு இருபத்தைந்து. மாமா அம்மாவைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, “எடு, எடு, அஞ்சு நிமிஷம்தான் இருக்கு” என்றார். அத்தைகூட, “சுருக்கா கெளம்புங்க தம்பி” என்றார்.

“இன்ஜின ஓஃப் பண்ணு” என்றார் அக்கா. “இன்னும் எழுதல.”

அந்த மட்டமான வாசலில், அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஓடுகிற இன்ஜினை அணைத்தேன். அக்கா கைப்பையிலிருந்து நகப்பூச்சுக் குப்பியை எடுத்தார். குனியவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்து, “இங்க வாம்மா” என்றார். தர்ஷினி படியிறங்கி, செருப்புக்கூடப் போடாமல் வேன் பக்கத்தில் வந்து நின்றாள். அக்கா, தன் தம்பியைக்கூடத் தொட விடாத அந்தக் குப்பியைத் திருகித் திறந்து, நுனியில் சிவப்புத் திரண்டிருந்த அந்தச் சின்னத் தூரிகையை அவள் கையில் கொடுத்தார்.